ஒரே காலுக்கு மூன்று ஜோடி: குன்னூர் ஓட்டக்காரர் ஒருவரின் ஷூ ஆய்வு

ஓடுபவர் 41 வயது பள்ளி ஆசிரியர், குன்னூர்க்காரர். எடை 72 கிலோ. வாரத்துக்கு 40 கிலோமீட்டர் பக்கம் ஓடுகிறார். மழை பெய்தாலும் விடுவதில்லை. ஒன்றரை வருடத்துக்குள் மூன்று ஜோடி ஷூ போய்விட்டன. நான்காவது வாங்குவதற்கு முன்னால் பழைய மூன்றையும் ஒரு அரிசிப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். "அண்ணே, நல்லா உழைக்கிற ஷூ ஒண்ணு சொல்லுங்க. கம்பெனி பேரு மட்டும் சொன்னாப் போதும்" என்றார்.

பேரைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் ஆம்பூர்ப் பக்கம் ஷூ தொழிற்சாலையில் லாஸ்ட் பிரிவில் வேலை பார்த்தவனுக்கு, பையைத் திறக்காமல் பதில் சொல்ல வராது. லாஸ்ட் என்பது ஷூ தயாராகும்போது காலுக்குப் பதிலாக உள்ளே நிற்கும் அச்சு. ஒரு காலத்தில் மரக்கட்டை, இப்போது பிளாஸ்டிக். மேல்துணியை அதன்மேல் இழுத்துப் பிடித்து, அடியில் சோலை ஒட்டுவார்கள். அந்த அச்சிலிருந்து உங்கள் கால் எங்கே விலகுகிறதோ, ஷூ முதலில் அங்கேதான் போகும். கடையில் எல்லாரும் "அளவு சரியா இருக்கா?", "எவ்வளவு நாள் உழைக்கும்?" என்று இரண்டு கேள்வி கேட்கிறார்கள். என் கணக்கில் அது ஒரே கேள்வி. பையில் இருந்த மூன்று ஜோடியும் அதற்குச் சாட்சி.

முதலில் அவர் ஓடும் தரை. வீட்டு வாசலில் தார் ரோடு, கொஞ்ச தூரம் போனால் எஸ்டேட்டின் சிமென்ட் பாதை, அப்புறம் தேயிலைக்குள் ஒற்றையடிப் பாதை. ஞாயிற்றுக்கிழமை என்றால் லேம்ப்ஸ் ராக் பக்கமோ பக்காசூரன் மலைப் பக்கமோ நீண்ட ஓட்டம். மொத்தத்தில் பாதி தார், பாதி மண். ஊட்டி, கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவத்தில் நனையும். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அந்த இரண்டு மாதம் செம்மண் ஷூவின் அடியில் அப்பிக்கொண்டு கூடவே வரும். பாசி படிந்த கல்படிகள் வேறு. இதோடு கவாத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சில வருடங்களுக்கு ஒருமுறை தேயிலைச் செடியைக் குட்டையாக வெட்டிவிடுவார்கள் இல்லையா, அப்போது மிஞ்சும் குச்சிகளின் முனை சீவிய பென்சில் மாதிரி இருக்கும். பாதையோரத்தில் அவற்றில் சில ஷூவின் பக்கவாட்டில் உரசும்படி நிற்கும். வெளிநாட்டு விமர்சனங்களில் பாறை பற்றி எழுதுவார்கள், பனிச்சேறு பற்றி எழுதுவார்கள். கவாத்துக் குச்சி பற்றி ஒருவரும் எழுதி நான் பார்த்ததில்லை.

முதல் ஜோடி சாதாரண ரோடு ஷூ, அளவு யுகே 8. அதைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. தார் ரோட்டுக்கு வாங்கியதை மலையில் ஓட்டினால் என்ன ஆகுமோ அது ஆகியிருந்தது: அடிரப்பர் வழுவழுவென்று தேய்ந்து, ஈரக் கல்லில் நிற்காத நிலை. ஆனால் ஒன்றைக் குறித்துக்கொண்டேன். மேல்துணி முழுசாக இருந்தது. ரோடு ஷூவின் வலைத்துணி மெல்லியது, நன்றாக நெகிழும். சுண்டுவிரல் பக்கம் மட்டும் துணி வெளியே புடைத்து அப்படியே நின்றுவிட்டது.

இரண்டாவது ஜோடிதான் இந்த ஆய்வின் மையம். மலை ஓட்டத்துக்கென்றே செய்தது, அதே யுகே 8, அடியில் 6 மி.மீ. உயர ரப்பர் பற்கள், கெட்டியான மேல்துணி. நாலு மாதத்தில் இரண்டு காலிலும் சுண்டுவிரல் பக்கம் ஓட்டை. ஆசிரியர் குச்சி கிழித்ததாகத்தான் நினைத்திருந்தார். ஓட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் கதை வேறு. குச்சி கிழித்தால் நூல் வெளிப்பக்கம் அறுபட்டு, உள்ளே மடிந்திருக்கும். கிழிசல் ஒரு கோடாகப் போகும். இங்கே நூல்கள் உள்ளிருந்து தேய்ந்து பஞ்சாகி, வெளியே துருத்திக்கொண்டிருந்தன. ஓட்டை வட்டமாக, ஓரம் மெலிந்து இருந்தது. உள்ளே கையை விட்டால் லைனிங் துணி அந்த இடத்தில் மட்டும் இல்லவே இல்லை. ஆரம்பித்தது கால். குச்சி வந்து முடித்து வைத்தது, அவ்வளவுதான்.

அதே ஜோடியில் ஓடும்போதுதான் இடது கட்டைவிரல் நகம் கறுத்தது. நகத்தடியில் ரத்தம் கட்டுவது மலை ஓட்டக்காரர்களுக்குப் புதிதில்லை. இறக்கத்தில் விரல் முன்னால் போய் மோதி மோதி வருவது. கடையில் கேட்டிருக்கிறார். "அண்ணே, நகம் கறுத்தா சைஸ் பத்தலைன்னு அர்த்தம், ஒரு நம்பர் கூட எடுத்துக்கங்க" என்று அங்கிருந்த பையன் சொல்லியிருக்கிறான். எல்லாக் கடையிலும் இதையேதான் சொல்வார்கள். அப்படி வந்ததுதான் மூன்றாவது ஜோடி, யுகே 9.

இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். "சார், ரெண்டாவது ஷூவில் லேஸை எப்படிக் கட்டுவீங்க?" என்று கேட்டேன். கட்டிக் காட்டினார். முன்பக்கம் தொளதொளவென்று விட்டு, மேலே மட்டும் ஒரு முடிச்சு. ஏன் என்றால், இறுக்கினால் சுண்டுவிரல் வலிக்கிறது. சரி, அப்போது நடந்தது இதுதான்: அகலம் பற்றாமல் விரல் நெருக்கியது, நெருக்கலுக்குப் பயந்து லேஸைத் தளர்த்தினார், தளர்ந்த ஷூவுக்குள் இறக்கத்தில் கால் முன்னால் வழுக்கியது, கட்டைவிரல் மோதி நகம் கறுத்தது. நகத்தைப் பார்த்தவர்கள் நீளம் போதவில்லை என்றார்கள். நீளம் போதுமானதாகவே இருந்தது.

இங்கிலாந்து அளவில் ஒரு நம்பர் கூடினால் நீளம் மூன்றில் ஒரு அங்குலம் கூடும், சுமார் 8.5 மி.மீ. முன்பாதத்தின் சுற்றளவு வழக்கமாகக் கால் அங்குலம், 6 மி.மீ. சொச்சம் கூடும். அந்தச் சுற்றளவு மேலும் கீழும் பக்கமுமாகப் பங்கு போனபின் அகலத்துக்குக் கிடைப்பது 2 மி.மீ. பக்கம். இரண்டு மில்லிமீட்டர் அகலத்துக்காக எட்டரை மில்லிமீட்டர் வெற்று நீளத்தை விலை கொடுத்து வாங்கினார்.

அந்த வெற்று நீளம் என்ன செய்தது என்பது மூன்றாவது ஜோடியில் எழுதியே இருந்தது. குதிகால் பக்கம் உள்துணி கிழிந்து, அதற்குள் இருக்கும் கெட்டி பிளாஸ்டிக் தெரிந்தது; ஒவ்வொரு அடிக்கும் குதிகால் மேலே ஏறி இறங்கியதன் விளைவு. கால் மடங்கும் இடமும் ஷூ மடங்கும் இடமும் ஒத்துப்போகவில்லை, ஷூவின் மடிப்பு விரல் கணுவுக்கு முன்னால் விழுந்தது. அந்த மடிப்பில் மேல்துணியின் மீது ஒட்டியிருந்த பிளாஸ்டிக் பட்டை வெடித்து உரிந்திருந்தது. வலது ஷூவின் உள்பக்க வளைவில் சோல் வாய் பிளந்திருந்தது. இந்தக் கடைசிக் குறைக்கு மட்டும் வேறு காரணம், பிறகு வருகிறேன்.

அளவெடுத்தோம். அதற்குப் பெரிய கருவி வேண்டாம். மாலையில், ஓடி முடித்து வந்த காலோடு, ஓடும்போது போடும் சாக்ஸோடு, சுவரில் குதிகால் ஒட்ட ஒரு தாளின்மேல் நிற்க வேண்டும். முழு எடையும் அந்தக் காலில் இருக்க வேண்டும், உட்கார்ந்துகொண்டு அளந்தால் கால் விரியாது. இன்னொருவர் பென்சிலை நேர்செங்குத்தாகப் பிடித்து வரைய வேண்டும். இடது கால் 263 மி.மீ., வலது 260. அகலம் விரல் கணுக்களின் குறுக்கே 107. யுகே 8 லாஸ்டின் நீளம் 11 அங்குலம், ஏறத்தாழ 279 மி.மீ. 263 மி.மீ. காலுக்கு அதில் முன்னால் போதிய இடம் இருக்கிறது. ஆனால் இரண்டாவது ஜோடியின் இன்சோலை, அதாவது ஷூவுக்குள் காலுக்கு அடியில் விரித்திருக்கும் மெத்தையை, உருவி அகலம் பார்த்தால் 94. அதன்மேல் அவரை நிற்கச் சொன்னதும் இரண்டு பக்கமும் சதை வழிந்தது. மேல்துணி கொஞ்சம் வெளியே வளையும் என்பதால் பக்கத்துக்கு இரண்டு மூன்று மி.மீ. வழிவது சகஜம். இவருக்குச் சுண்டுவிரல் முக்கால்வாசி இன்சோலுக்கு வெளியே நின்றது.

இது இவர் ஒருவருக்கு மட்டும் உள்ள கோளாறு இல்லை. நம் கடைகளில் ஓடும் இங்கிலாந்து அளவுமுறை சுதந்திரத்துக்கு முன்பே வந்தது. சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கால்களை முப்பரிமாண ஸ்கேனரில் அளந்தது. நம் கால்கள் ஐரோப்பிய, அமெரிக்கக் கால்களைவிட அகலம், அதனால் அகலத்துக்காக நீளம் கூடுதலான செருப்பையும் ஷூவையும் மாட்டிக்கொள்கிறோம் என்பது அதில் தெரிந்த விஷயம். 'பா' என்ற பெயரில் எட்டு வகைகள் கொண்ட இந்திய அளவுமுறை ஒன்றையும் பரிந்துரைத்திருக்கிறார்கள். ஆசிரியர் யுகே 9-க்குத் தாவியது நாடு முழுக்கப் பல காலமாக நடக்கும் தாவல்தான்.

வெளிநாட்டுக் கம்பெனிகள் அகலத்துக்கு எழுத்து வைத்திருக்கின்றன. ஆண்களுக்கு டி என்றால் சாதாரணம், 2ஈ அகலம், 4ஈ இன்னும் அகலம். பெண்களுக்குச் சாதாரணமே பி, அவர்கள் டி வாங்கினால் அது அகலக் கணக்கு. ரோடு ஷூவில் 2ஈ ஓரளவு கிடைக்கும், மலை ஷூவில் தேட வேண்டும். ஆல்ட்ரா போன்ற சில கம்பெனிகள் வேறு வழி பிடித்திருக்கின்றன. முன்பகுதியைக் கூராக்காமல் விரல்கள் விரிந்து நிற்கும் வடிவத்திலேயே லாஸ்டை வைத்துக்கொள்கின்றன. ஆனால் ஆல்ட்ராவில் குதிகாலும் முன்பாதமும் பெரும்பாலும் ஒரே உயரம். குதிகால் முன்பாதத்தைவிட 8, 10 மி.மீ. உயர்ந்த ஷூவில் பல வருடம் ஓடியவர் திடீரென்று அதற்கு மாறினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். ஆசிரியருக்கு அதை நான் சொல்லவில்லை. முன்பகுதி அகலம், குதிகால் உயரம் 6 மி.மீ. பக்கம் என்று எழுதிக் கொடுத்தேன்.

அடிரப்பர் பற்றி அவருக்கும் எனக்கும் கொஞ்ச நேரம் வாக்குவாதம். அவருக்கு உயரமான பற்கள் வேண்டும், கார்த்திகைச் சேற்றை நினைத்துப் பேசுகிறார். இரண்டாவது ஜோடியைத் திருப்பிக் காட்டினேன். ஆறு மி.மீ. பற்களில் குதிகாலின் வெளியோரம் இரண்டு மி.மீ. கூட மிச்சமில்லை. சேறு தின்னவில்லை, தார் ரோடு தின்றது. ஈரக் கல்லில் நன்றாகப் பிடிக்கும் ரப்பர் மென்மையானது. மென்மையானது தாரில் அழிரப்பர் போல உதிரும். உயர்ந்த, தனித்தனியாக நிற்கும் பற்கள் தாரில் ஒவ்வொரு அடிக்கும் வளைந்து வளைந்து அடியோடு பெயரவும் செய்யும். வாசலிலிருந்தே ஓட ஆரம்பிக்கிறவருக்கு 4 மி.மீ. போதும், ஆனால் பற்களுக்கு நடுவே இடைவெளி தாராளமாக இருக்க வேண்டும். செம்மண் அப்பினாலும் நாலு எட்டில் உதிர்ந்துவிடும்.

ரப்பர் என்றதும், சோல் ரப்பர் செய்யும் இத்தாலியக் கம்பெனியான விப்ரம் பெயர் வந்தது. மஞ்சள் எண்கோண முத்திரை, எல்லாரும் பார்த்திருப்பார்கள். விட்டாலே பிரமானி என்ற மலையேறி ஆரம்பித்தது. 1935-ல் இத்தாலிய ஆல்ப்ஸில் அவருடைய சகாக்கள் ஆறு பேர் இறந்தார்கள், காலில் போட்டிருந்தது பொருத்தமில்லாத காலணி என்பது காரணங்களில் ஒன்று. இரண்டு வருடம் கழித்துப் பற்கள் வைத்த ரப்பர் சோலைக் கொண்டுவந்தார். நல்ல ரப்பர்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே முத்திரையில் பல கலவைகள் உண்டு, சில பிடிமானத்துக்கு, சில உழைப்புக்கு. முத்திரையைப் பார்த்து மட்டும் முடிவெடுக்க முடியாது. நகத்தால் அழுத்திப் பார்த்தால் ஓரளவு புரியும்: பள்ளம் விழுந்து மெதுவாக எழும்பினால் மென்மை ரகம், நகமே ஏறாவிட்டால் கடினம். இவருக்கு நடுவாந்தரம்.

நீர்புகாச் சவ்வு வைத்த ஷூ வேண்டாம் என்றதும் ஆச்சரியப்பட்டார். குன்னூர் மழை பக்கவாட்டில் மட்டும் வருவதில்லை, கணுக்கால் வழியாக இறங்கும். உள்ளே போன தண்ணீரைச் சவ்வு வெளியே விடாது, சாயங்காலம் வரை குளம்தான். வலைத்துணி என்றால் நாலு அடி ஓடினால் தண்ணீர் பிதுங்கிப் போய்விடும்.

வாங்கக் கோயம்புத்தூர் போனோம். அவர் ஐந்தாயிரத்துக்குள் பார்க்க ஆரம்பித்து, கடைசியில் ஒன்பதாயிரம் பக்கம் வந்து நின்றார். கடையில் செய்தது இதுதான். எந்த ஷூ எடுத்தாலும் முதலில் இன்சோலை உருவி அவர் கால் வரைந்த தாளின்மேல் வைத்தோம். விற்பனைப் பையன் முதலில் ஒரு மாதிரி பார்த்தான், பிறகு அவனே உருவிக் கொடுக்க ஆரம்பித்தான். வரைந்த கோட்டைவிடப் பக்கத்துக்கு மூன்று மி.மீ.க்கு மேல் குறுகி நின்ற இன்சோல்கள் அப்படியே அலமாரிக்குத் திரும்பின. ஏழெட்டுப் பெட்டியில் மூன்று மிஞ்சின. அந்த மூன்றை மட்டும் மாட்டினார், முழு லேஸையும் இறுக்கி. கட்டைவிரலுக்கு முன்னால் 10 முதல் 12 மி.மீ. இடம் இருக்கிறதா என்று நின்றபடி பார்த்தோம், பெரிய காலான இடது காலில். அப்புறம் கடைக்கு வெளியே இருந்த வண்டி ஏற்றும் சாய்தளத்தில் கீழ்நோக்கி ஓடச் சொன்னேன். ஒரு ஷூவில் விரல் முட்டியது. இன்னொன்றில் குதிகால் கழன்றது. மூன்றாவது யுகே 8, அகல ரகம், இன்சோல் 102 மி.மீ. முன்னால் விரலைச் சுற்றி ரப்பர் வேலி. சுண்டுவிரல் மடங்கும் இடத்தில் தையலோ பட்டையோ எதுவும் ஓடவில்லை. கிழிய வேண்டிய இடத்தில் ஒட்டு வேலை இல்லாமல் இருப்பது எனக்கு எந்த விளம்பர வாசகத்தை விடவும் பெரிது.

வாங்கிய அன்றே இரண்டு வேலை செய்தோம். கடைசித் துளையில் லேஸை அதே பக்கத்திலேயே வளையமாக நுழைத்து, எதிர் லேஸை அதற்குள் விட்டு இழுக்கும் கட்டு. குதிகால் அசையாது, முன்பக்கத்தையும் இறுக்க வேண்டியதில்லை. இரண்டாவது, சுண்டுவிரல் மடிப்பில் வெளிப்பக்கமாக ஷூ பசையை விரலால் மெல்லிய படலமாகத் தேய்த்து ஒரு நாள் காயவிட்டோம். கிழிந்த பிறகு ஒட்டினால் நிற்காது, புதிதாக இருக்கும்போது பூசினால் கவாத்துக் குச்சிக்கு ஒரு கவசம்.

இப்போது வாய் பிளந்த சோலுக்கு வருகிறேன். மழைக்காலத்தில் ஷூவை எங்கே காயவைப்பீர்கள் என்று கேட்டதற்கு, "அடுப்பு மேடைக்குக் கீழே, கணகணப்பில்" என்றார். தொழிற்சாலையில் சோல் ஒட்டும்போது பசையைப் பூசி, அறுபது டிகிரிப் பக்கம் சூடேற்றி, அது இளகிப் பிடிப்புக்கு வந்ததும் வைத்து அழுத்துவார்கள். அந்தச் சூட்டை வீட்டில் மறுபடி காட்டினால் பசை மறுபடி இளகும், ஆனால் அழுத்திப் பிடிக்க அங்கே மிஷின் இல்லை. வெயிலில் நிறுத்திய கார் டிக்கியும் இதே வேலையைச் செய்யும். இன்சோலை வெளியே எடுத்துவிட்டு, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்றினால் காலைக்குள் ஓடும் அளவுக்குக் காய்ந்துவிடும். ஐப்பசியில் அதுவும் கஷ்டம்தான், அதற்காகவே பழைய முதல் ஜோடியைத் தார் ரோட்டு நாட்களுக்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஒரு நாள் ஓய்வு கிடைத்தால், அடிரப்பருக்கு மேல் மெத்தையாக இருக்கும் அமுங்கிய நுரையும் ஓரளவு எழும்பும்.

நான்காவது ஜோடி இப்போது அவர் கைக்கடிகாரக் கணக்கில் 700 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கிறது. ஓட்ட ஷூவுக்குப் பொதுவாகச் சொல்லும் ஆயுள் 500 முதல் 800. சுண்டுவிரல் பக்கம் பசைப் படலத்தில் கீறல்கள் நிறைய, துணி முழுசாக இருக்கிறது. நகம் வளர்ந்துவிட்டது. எல்லாம் சரியாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். இடது குதிகாலின் வெளியோரம் ரப்பர் ஒரு பக்கமாகத் தேய்கிறது, அது அவர் கால் விழும் விதம். லேஸ் நுழையும் துணி வளையம் ஒன்று நைந்து, பஸ் ஸ்டாண்டு அருகில் செருப்புத் தைப்பவரிடம் நைலான் நூலில் போட வேண்டியிருந்தது. நடு நுரை உள்பக்கத்தில் இறுகி, ஓரத்தில் சுருக்கக் கோடுகள் விழ ஆரம்பித்திருக்கின்றன. மேல்துணியும் ரப்பரும் தாங்கினாலும் நுரை செத்த பிறகு இறக்கத்தில் முட்டிதான் வாங்கும்.

அடுத்த ஜோடியை இப்போதே வாங்கி வைக்கலாம் என்று அதே மாடலைத் தேடிப் போனார். கடையில் இருந்தது அதன் அடுத்த பதிப்பு: அதே பெயர், பின்னால் ஒரு எண் கூடுதல், அதே யுகே 8, பெட்டியிலும் அகல ரகம் என்றுதான் போட்டிருந்தது. இன்சோலை உருவிப் பழையதன்மேல் வைத்திருக்கிறார். முன்பாதத்தில் நாலு மி.மீ. குறுகல், லாஸ்டை மாற்றியிருக்கிறார்கள். போனில் கேட்டார், "விட்டுடுங்க சார்" என்றேன். பழைய பதிப்பு ஒரு ஜோடி கிடங்கில் தள்ளுபடிக்குக் கிடப்பதாகக் கடைப் பையன் பிறகு கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறான். பெட்டி ஸ்டிக்கரில் தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும், இரண்டு வருடத்துக்கு உட்பட்டது என்றால் எடுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் என்றால் பசையும் நுரையும் சும்மா இருந்தே கெட்டிருக்கும் என்று சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை பள்ளி முடிந்து பஸ் ஏறுகிறார், கால் வரைந்த தாள் பையில் இருக்கிறது.